தண்ணிக்குள்ள இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணும்

கேள்வி: டாக்டர், எனக்கு 31 வயசு, நைட் ஷிஃப்ட் வேலை. ஒரு மாசம் முன்னாடி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து காலைல 8 மணிக்குப் படுத்தேன். கனவுல நாங்க முன்னாடி இருந்த வீடு, சுவத்துல கேலண்டர். தேதி 14ன்னு இருந்துச்சு, திரும்பிப் பாத்தா 41, இன்னொரு தடவ பாத்தா எழுத்தே இல்ல. அட இது கனவுன்னு அப்பதான் புரிஞ்சுது, ஆனா முழிப்பு வரல. மாடிப்படி கீழ கீழ போய்க்கிட்டே இருந்துச்சு, அடியில தண்ணி. எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணின்னாலே பயம். கனவுதானேன்னு இறங்கிட்டேன், கழுத்து வரைக்கும் வந்துச்சு, அப்புறம் நீந்தினேன், உள்ளுக்குள்ள மூச்சு கூட விட முடிஞ்சுது. நடுவுல முழிச்சிட்ட மாதிரி இருந்துச்சு, எந்திரிச்சு பல்லு தேச்சேன், போன் எடுத்தா எழுத்தெல்லாம் நெளியுது, அப்ப இதுவும் கனவுதான்னு தெரிஞ்சு மறுபடி படிக்கட்டுக்குப் போயிட்டேன். மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்திருக்கும். அதுலேருந்து தினமும் மூணு அலாரம் வெச்சு எந்திரிச்சு எந்திரிச்சு ட்ரை பண்றேன், மூணு தடவ வந்துச்சு, ஆனா தெரிஞ்ச அரை நிமிஷத்துல கலைஞ்சிடுது. நீளமாக்குறது எப்படி? மாத்திரை ஏதோ இருக்காமே, வாங்கலாமா? ரெண்டு தடவ கை கால் அசைக்க முடியாம நெஞ்சுல யாரோ அமுக்குன மாதிரி இருந்துச்சு. ‘உள்ளயே மாட்டிக்கிட்டா என்னடி பண்ணுவ’ன்னு வீட்டுக்காரர் பயப்படுறார்.

பதில்: உங்க லெட்டர்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அந்த 14, 41தான். கனவுல எழுத்தும் நம்பரும் ஒரு இடத்துல நிக்காதுன்றது இந்த விஷயத்துல ஈடுபாடு உள்ளவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒண்ணு, ஒரு தடவ படிச்சிட்டு வேற பக்கம் பாத்துட்டு திரும்பப் படிச்சா பெரும்பாலும் மாறியிருக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே நீங்களா அதைப் பிடிச்சிருக்கீங்க, போன்லயும் திரும்ப அதே வழியில பிடிச்சிருக்கீங்க. முழிச்ச மாதிரி கனவு காணுறது இருக்கே, அந்த பொய் முழிப்புல முக்காவாசிப் பேரு ஏமாந்து போய் ‘சே முடிஞ்சிருச்சு’ன்னு விட்டுடுவாங்க. நீங்க விடல. எனக்கு என் ஆயுசுல இந்த மாதிரி கனவு வந்ததே மூணு தடவதான், அதுல ரெண்டு தடவ ‘ஆஹா வந்திருச்சு’ன்ற சந்தோஷத்துலயே முழிச்சிட்டேன், தூக்கத்துக்கு வைத்தியம் பாக்குறவன் கதை இவ்வளவுதான்.

முதல்ல பேரைச் சொல்லிடறேன், இதுக்கு லூசிட் ட்ரீம்னு பேரு, 1913ல ஃப்ரெடரிக் வான் ஈடன்னு ஒரு டச்சு மனநல மருத்துவர் வெச்சது. கனவுன்னு தெரிஞ்சே காணுற கனவு. ரொம்ப நாளா விஞ்ஞானிங்க இதை நம்பவே இல்ல, தூங்குறவனுக்கு எப்படிய்யா தெரியும், நடுவுல முழிச்சிருப்பான்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. அதை உடைச்சது 1975ல, இங்கிலாந்துல ஹல் யுனிவர்சிட்டியில கீத் ஹெர்ன். கனவு வர்ற தூக்கத்துல, அதாவது ரெம் தூக்கத்துல, கண்ணு மட்டும்தான் ஓடும், மூச்சுக்கான தசை வேலை செய்யும், மத்தபடி உடம்பு பூரா மூளையே கட்டிப்போட்டிருக்கும். கண்ணுதான் ஃப்ரீயா இருக்கே, கனவுக்குள்ள போனதும் இடது வலதுன்னு கண்ணை ஆட்டிக் காட்டுங்கன்னு ஆலன் வோர்ஸ்லின்னு ஒருத்தர்கிட்ட முன்னாடியே பேசி வெச்சிருந்தாங்க. அவரு ஆட்டினாரு, மிஷின்ல கோடு விழுந்துச்சு, ஆளு அப்ப நல்லா தூக்கத்துல. கொஞ்ச வருஷத்துல ஸ்டான்ஃபோர்டுல ஸ்டீஃபன் லாபெர்ஜும் தனியா இதையே நிரூபிச்சாரு. 2021ல வந்த ஒரு ஆராய்ச்சியில அதுக்கும் மேல போய், தூங்கிட்டு இருக்கறவங்ககிட்ட எட்டுல ஆறு போனா எவ்வளவுன்னு கேட்டு, கண்ணை ரெண்டு தடவ ஆட்டி பதில் வாங்கியிருக்காங்க. அதனால இது பிரமையும் இல்ல வியாதியும் இல்ல, அதை வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிடுங்க.

இப்ப ஒரு மணி நேரம்னு சொன்னீங்களே, அதுக்கு வர்றேன். நிஜத்துல ஒரு நிமிஷம் கனவுல ஒரு நாளுன்னு கதை சுத்துது, அது உண்மை இல்ல. லாபெர்ஜ் கனவுக்குள்ள கண்ணை ஆட்டிட்டு பத்து எண்ணி மறுபடி கண்ணை ஆட்டினாரு, எடுத்த நேரம் முழிச்சிருக்கும்போது எண்ணுற அளவுதான். இன்னும் வேடிக்கை, உக்காந்து எந்திரிக்கிற எக்சர்சைஸ் கனவுக்குள்ள பண்ணச் சொல்லி ஜெர்மனியில அளந்தாங்க, நிஜத்தை விட 40 சதவீதத்துக்கு மேல கூடுதலா நேரம் ஆச்சு. அதாவது கனவுல நேரம் நீளுறதெல்லாம் இல்ல, வேலைதான் இழுக்குது. கனவு நீளமா தெரியறதுக்குக் காரணம் நடுவுல வெட்டி வெட்டி ஒட்டறதுதான், படிக்கட்டுல இறங்குனீங்க, தண்ணியில இருந்தீங்க, நடுவுல இருக்கிற ஐம்பது படியை நீங்க மிதிச்சீங்களா என்ன?

ஆனா உங்க விஷயத்துல நீங்க மிகைப்படுத்துறீங்கன்னும் சொல்ல மாட்டேன், ஏன்னா நீங்க படுத்த நேரம் அப்படி. நாம தூங்கும்போது சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு சுத்து, ஒவ்வொரு சுத்தோட கடைசியிலயும் ரெம் வரும், முதல் சுத்துல வர்றது பத்து நிமிஷம் கூட தேறாது, விடியக்காலம் நெருங்க நெருங்க அரை மணி, முக்கா மணின்னு நீளும். அதுலயும் ரெம்முக்கு உடம்போட கடிகாரத்துல ஒரு உச்ச நேரம் இருக்கு, உடம்புச் சூடு ரொம்பக் குறைஞ்சு திரும்ப ஏற ஆரம்பிக்கிற அந்த காலை வேளை. மத்தவங்க அப்ப முழிச்சு வேலைக்குக் கிளம்பிட்டு இருப்பாங்க, நீங்க அப்பதான் போர்வையை இழுத்துப் போடுறீங்க. அதோட ஷிஃப்ட் ஆளுங்களுக்கு ரெம் எப்பவுமே பாக்கி இருக்கும், சான்ஸ் கிடைச்சா மூளை வட்டியோட வசூல் பண்ணிக்கும். அன்னைக்கு உங்களுக்கு அலாரம் இல்ல, யாரும் எழுப்பல, 8 மணிக்குப் படுத்து முழுசா தூங்குனீங்க. நீளமான ரெம் ஒண்ணு, நடுவுல லேசா கலைஞ்சு, பொய் முழிப்பு, திரும்ப உள்ள போனது, இப்படித்தான் அது கோர்த்திருக்கணும்.

இப்ப என்ன பண்றீங்க? தினமும் மூணு அலாரம். எந்தச் சரக்கு வேணும்னு தேடுறீங்களோ அந்தச் சரக்கையே வெட்டி எறிஞ்சிட்டு அப்புறம் கிடைக்கலையேன்றீங்க. ஒவ்வொரு அலாரமும் ஒரு ரெம்மை நடுவுல அறுக்குது, திரும்பத் தூங்குற நேரம் போகுது, மொத்தத் தூக்கம் குறையுது, குறைஞ்ச தூக்கத்துல முதல்ல அடிபடுறது கடைசிப் பகுதி, அதாவது நீளமான ரெம் இருக்கிற பகுதி. உங்க கனவு அரை நிமிஷத்துல கலையுறதுக்கு உங்க திறமைக் குறைவு காரணம் இல்ல, உள்ள இடமே இல்ல. இந்தப் பதில்ல நான் அழுத்திச் சொல்ல வர்றது இதுதான், மத்த டெக்னிக் எல்லாம் இதுக்கு அப்புறம்தான். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வண்டி ஓட்டிட்டு வேற வருவீங்க, ஒரு மாசமா இப்படி அரைத் தூக்கத்துல இருக்கறவங்க சிக்னல்ல கண்ணு அசந்தா அது கனவுல முடியாது, அதையும் யோசிங்க.

சரி, டெக்னிக்குக்கு வருவோம், அதைத்தானே கேட்டீங்க.

கனவுன்னு தெரிஞ்ச அந்த முதல் பத்து செகண்டுதான் கண்டம். மனசு துள்ளும், துள்ளுனா முழிப்பு. அதனால தெரிஞ்ச உடனே பறக்கலாமா, தண்ணிக்கு ஓடலாமான்னு கிளம்பாதீங்க. நின்ன இடத்துல நில்லுங்க, கனவுல இருக்கிற உங்க ரெண்டு உள்ளங்கையையும் சேத்து நல்லா தேயுங்க, குளிர்ல தேப்போமே அப்படி. உராய்வு தெரியும், சூடு கூட தெரியும், ரேகை தட்டுப்படும். லாபெர்ஜ் குழு இதை ஒப்பிட்டே பாத்திருக்காங்க, கனவு மங்குறப்ப சும்மா அது போக்குல விட்டவங்களை விட கையைத் தேச்சவங்களுக்கும், நின்ன இடத்துலயே தட்டாமாலை சுத்துனவங்களுக்கும் கனவு தொடர்ந்துச்சு, வித்தியாசம் கொஞ்ச நஞ்சம் இல்ல. காரணம் என்னன்னு கேட்டா அவங்க சொல்ற விளக்கம் எனக்கு சரியாவே படுது: உங்களுக்கு அப்ப ரெண்டு உடம்பு, ஒண்ணு கனவுல நிக்குது, இன்னொண்ணு கட்டில்ல கிடக்குது. மூளையோட கவனம் கட்டில்ல கிடக்குற உடம்புப் பக்கம், அந்த தலகாணி, கழுத்து வலி, ஃபேன் காத்து, இதுல எதுலயாச்சும் போய் ஒட்டிக்கிச்சுன்னா ஆட்டம் முடிஞ்சுது. கனவு உடம்புக்கு வேலை கொடுத்துக்கிட்டே இருந்தா அது அந்தப் பக்கம் போக நேரம் கிடைக்காது.

தட்டாமாலையில ஒரு சிக்கல், சுத்தி முடிக்கும்போது இடமே மாறியிருக்கும், வீடு போய் வேற எங்கயோ நிப்பீங்க. உங்களுக்கு அந்தப் படிக்கட்டும் தண்ணியும்தான் வேணும்ன்றதால கைதேய்க்கிறதே போதும். சுத்துறதை கடைசி ஆயுதமா வெச்சுக்கோங்க, கலர் எல்லாம் வெளுத்து பாதி மறைஞ்ச அப்புறம். சுத்தும்போது ‘அடுத்து நான் பாக்கப் போறதும் கனவுதான்’னு சொல்லிக்கிட்டே சுத்துங்க, இல்லன்னா சுத்தி முடிஞ்சதும் உங்க பெட்ரூம்ல படுத்திருக்கிற மாதிரி இன்னொரு பொய் முழிப்பு வந்து ஏமாத்திடும், இது அடிக்கடி நடக்குறதுதான்.

அப்புறம் ரெண்டு தப்பு, இந்த மூணு தடவையும் இதுல ஏதோ ஒண்ணு பண்ணியிருப்பீங்கன்னு பந்தயம் கட்டுவேன். ஒண்ணு, எதையாவது உத்து உத்துப் பாக்குறது. கனவுல கண்ணு ஓடிக்கிட்டே இருக்கணும், ஒரே புள்ளியில நிறுத்துனா பெரும்பாலும் கலைஞ்சிடும், சில பேரு வேணும்னு முழிக்கவே இந்த வழியைத்தான் யூஸ் பண்றாங்க. தரையைப் பாருங்க, கையைப் பாருங்க, கதவைப் பாருங்க, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு செகண்ட், அவ்வளவுதான். இன்னொண்ணு, கனவுக்குள்ள கண்ணை மூடுறது, மூடித் திறந்தா திறக்குறது நிஜக் கண்ணா இருக்க நிறைய வாய்ப்பு.

அதுக்கு அப்புறம் நடங்க. சுவத்தைத் தடவிக்கிட்டே நடங்க, சுண்ணாம்பு கையில ஒட்டுதான்னு பாருங்க, படியோட விளிம்பு கால்ல குத்துதான்னு பாருங்க. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவ வாய் விட்டே ‘இது கனவு’ன்னு சொல்லிக்கோங்க, ஏன்னா இதுல ரெண்டு விதமா தோத்துப் போகலாம், முழிச்சிடறது ஒரு விதம், கனவுன்றதே மறந்து போய் கதைக்குள்ள கரைஞ்சிடறது இன்னொரு விதம், யாராவது வந்து பேச்சு கொடுத்தா போதும் இந்த ரெண்டாவது நடந்துடும். ரொம்ப இழுத்துப் பிடிச்சு கனவையே ஆட்டி வைக்கப் பாத்தாலும் முழிப்பு, ரொம்ப விட்டாலும் மறதி, பட்டம் விடுற மாதிரிதான், நூலு எப்ப இழுக்கணும் எப்ப விடணும்னு கைக்குத்தான் தெரியும், எழுதிச் சொல்ல முடியாது.

முழிச்சிட்டீங்கன்னு வெச்சுக்கோங்க, அப்பவும் முடியல. அசையாதீங்க. கண்ணைத் திறக்காதீங்க, புரண்டு படுக்காதீங்க, போன் பக்கம் கை போகவே கூடாது. கடைசியா கனவுல எங்க நின்னீங்களோ அந்தப் படியை மனசுல வெச்சுக்கிட்டு அப்படியே கிடங்க, விடியக்காலத் தூக்கத்துல பல தடவ ஒரு நிமிஷத்துக்குள்ளயே திரும்ப உள்ள இழுத்துக்கும். நீளமான கனவுன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு அது இப்படி துண்டு துண்டா சேந்ததுதான், லேப்ல அளந்த லூசிட் ட்ரீம் ஒவ்வொண்ணும் பெரும்பாலும் சில நிமிஷம்தான் போகும். இதுல ஏமாற்றம் அடைய ஒண்ணும் இல்ல, சில நிமிஷம் கையைத் தேச்சுக்கிட்டு சுவத்தைத் தடவிக்கிட்டு இருந்து பாருங்க, எவ்வளவு பெருசுன்னு தெரியும்.

அலாரமே கூடாதான்னு கேப்பீங்க. வாரத்துல ஒரு நாள், மறுநாள் வேலை இல்லாத நாளா பாத்து, ஒரே ஒரு அலாரம். சுமார் அஞ்சு மணி நேரம் தூங்கின அப்புறம் எந்திரிச்சு, கொஞ்ச நேரம் முழிச்சிருந்து, படுக்கும்போது ‘அடுத்து கனவு வந்தா அது கனவுன்னு ஞாபகம் வரணும்’னு மனசுல சொல்லிக்கிட்டே, அந்தக் கேலண்டரைப் பாத்துப் புரிஞ்சுக்கிற காட்சியை ஓட்டிக்கிட்டே தூங்கிப் போங்க. ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல டென்ஹோம் ஆஸ்பின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2017ல வெளியிட்ட ஆராய்ச்சியில இந்த மாதிரி பண்ணி முடிச்சு அஞ்சு நிமிஷத்துக்குள்ள தூங்கினவங்களுக்கு கிட்டத்தட்ட பாதி முயற்சி பலிச்சிருக்கு. வேகமா திரும்பத் தூங்குறதுதான் அதுல விஷயம், தூக்கம் கெட்டுப்போய் புரண்டுக்கிட்டு இருந்தா பலிக்காது. அதனால அந்த ஒரு அலாரத்துக்கு அப்புறம் போனை மட்டும் எடுக்காதீங்க. மத்த ஆறு நாள் முழுசா தூங்குங்க, ரூம் இருட்டா இருக்கட்டும், ஷிஃப்டோட கடைசி நேரத்துல காபி வேண்டாம். ஒருவேளை வீட்ல தூங்க வைக்க ஏதாச்சும் குடிக்கிற பழக்கம் இருந்தா, மது ரெம்மை அமுக்கிடும்னு தெரிஞ்சுக்கோங்க.

மாத்திரை. நீங்க பேரு எழுதல, ஆனா கேலண்டமைனா இருக்கும்னு நினைக்கிறேன், அது மறதி நோய்க்குக் கொடுக்கிற மருந்து. பலன் இருக்கான்னா இருக்கு, பொய் சொல்ல மாட்டேன், 2018ல 121 பேரை வெச்சு சோதிச்சதுல மருந்தே இல்லாத டம்மி மாத்திரைக்கு 14 சதவீதம் பேருக்கு லூசிட் ட்ரீம் வந்துச்சு, 4 மில்லிகிராமுக்கு 27, 8 மில்லிகிராமுக்கு 42ன்னு வந்துச்சு. ஆனா அது நாடித் துடிப்பைக் குறைக்கும், வாந்தி வரும், தூக்கத்தைக் கெடுக்கும், ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு ஆகாது. ஒரு கனவுக்காக இதயத் துடிப்புல கை வைக்கிற ஒண்ணை ஆன்லைன்ல வாங்கிப் போட்டுக்க நான் ஒருநாளும் சரின்னு சொல்ல மாட்டேன். அதுவும் தூக்கமே பத்தாத உங்களுக்கு.

வீட்டுக்காரர் கேட்டதுக்கு பதில் சின்னது, மாட்டிக்க முடியாது. ரெம் தானா முடியும், நீங்க விரும்பினாலும் விரும்பாட்டியும். நடுவுல பிடிக்காத மாதிரி ஏதாச்சும் வந்தா மேல சொன்ன ரெண்டு தப்பையும் வேணும்னே பண்ணுங்க, ஒரு புள்ளியை முறைச்சுப் பாருங்க, கண்ணை இறுக்கி மூடித் திறங்க.

நெஞ்சுல அமுக்குனது பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. சொன்னேனே, ரெம்ல மூளை உடம்பைக் கட்டிப்போட்டிருக்கும்னு, மனசு முழிச்சு கட்டு அவிழ்றதுக்கு லேட்டானா அப்படித்தான் இருக்கும், சில செகண்ட், அதிகம் போனா ரெண்டொரு நிமிஷம். மூச்சு முட்டுற மாதிரி தோணும், ஆனா மூச்சுத் தசை வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும். எந்திரிக்கணும்னு போராடாம கண்ணை உருட்டுங்க, விரல் நுனியை மட்டும் அசைக்கப் பாருங்க. ஒழுங்கில்லாத தூக்கத்துலயும் மல்லாக்கப் படுத்தாலும் இது கூடும், உங்க ரெண்டு தடவையும் அலாரம் ஆரம்பிச்ச அப்புறம்தான் வந்திருக்கும், டைரி இருந்தா பாருங்க.

இதெல்லாம் இருந்தா மட்டும் கனவை விட்டுட்டு நேர்ல ஒரு தூக்க மருத்துவரைப் பாருங்க: வேலை நடுவுல அடக்க முடியாம தூக்கம் தள்ளுது, சிரிச்சா முட்டி மடங்குது, கனவுல அடிச்சா நிஜத்துல பக்கத்துல இருக்கறவர் மேல அடி விழுது. முழிச்சிருக்கும்போதே ‘இது நிஜமா’ன்னு சந்தேகம் வர ஆரம்பிச்சாலோ, இல்ல முன்னாடி மனநோய்க்கு சிகிச்சை எடுத்திருந்தாலோ இந்த விளையாட்டே வேண்டாம், அதுல நான் கறாரு.

நீச்சல் பத்தி ஒண்ணு. கனவுல பயிற்சி எடுத்தா முழிச்ச அப்புறம் கொஞ்சம் கை வருதுன்னு, காசை கப்புக்குள்ள எறியறது மாதிரி சின்ன வேலைகள்ல பாத்திருக்காங்க. அதை நம்பி ஆழமான தண்ணியில இறங்கிடாதீங்க தாயே, அங்க உள்ள மூச்சு விட முடியாது. பயம் கொஞ்சம் விட்டிருந்தா நல்லது, இடுப்பளவு தண்ணியில ஒரு கோச் பக்கத்துல நிக்க ஆரம்பிங்க.

அந்த தினசரி மூணு அலாரத்தை ரெண்டு வாரம் அணைச்சு வெச்சிட்டு அப்புறம் எழுதுங்க. கழுத்து வரைக்கும் தண்ணின்னு எழுதினீங்க, மூச்சு விட்டேன்னு எழுதினீங்க, ஆனா அது சூடா இருந்துச்சா சில்லுன்னு இருந்துச்சான்னு எழுதவே இல்ல. அடுத்த தடவ இறங்கும்போது வேற எதுவும் பண்ண வேண்டாம், கடைசிப் படியில நின்னு முதல்ல ஒரு காலை மட்டும் வெச்சு அதைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.